குடத்தின் முதுகில் மூன்று கீற்று

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. கல்யாணப் பத்திரிகையில் உன் நைனா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். அச்சகக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இன்று காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நானே போய், 'காலஞ்சென்ற' என்று போடச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் நீ அந்த இரும்பாலைக் குடியிருப்பில் தனியாக உட்கார்ந்து என்னென்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதிமூன்று வயதில் உன்னை உட்காரவைத்து, உன் நைனா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னவள் நான். இப்போது இப்படி எழுதச் சொன்னவளும் நான். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை நான் நான்கு வருஷமாக உன்னிடமிருந்து மறைத்திருக்கிறேன். மணமேடையில் உட்காரும் முன் அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் நைனா புறப்பட்டபோது உனக்கு ஆறு வயது. ராயபுரம் கரையில் சரக்குத் தோணிகளுக்குப் பலகை மாற்றுகிற தச்சர் அவர். வேலை முடித்த ஒவ்வொரு தோணியிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உளியால் மூன்று கீற்று போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். யாருக்காக என்று கேட்டால், "எனக்குத்தான். பத்து வருசம் கயிச்சி இதே தோணி கரைக்கு வந்தா, நம்ம கை பட்டதுன்னு தெரிய வாணாமா?" என்பார். சண்டை வந்தபோது விமானப் படைக்குத் தச்சர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். அவருக்குப் போக மனமில்லை. அனுப்பியது நான்தான். காக்கி உடுப்பில் அவரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. தெருவில் மற்றவர்கள் பார்ப்பதைப் பார்க்கவும் ஆசை. "எத்தினி நாளிக்குத்தான் உப்புத் தண்ணியில நின்னுகினு இருப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அஸ்ஸாம் பக்கத்தில் ஒரு விமானப் பட்டறையில் அவருக்கு வேலை. காயம்பட்டவர்களைத் தூக்கிவருகிற சின்ன விமானங்கள் அங்கே வரும். அவற்றின் மூக்கில் சுற்றுகிற காற்றாடி மரத்தால் செய்தது என்று அவர் எழுதியபோது நான் நம்பவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம் இருப்பதுபோல அதற்கும் நடுவில் ஒரு குடம் உண்டாம். இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் குடம், அதில் இஞ்சினோடு சேர்த்து முடுக்க எட்டுத் துளை. இறக்கையில் பிளவோ சிராய்ப்போ வந்தால் சரிசெய்து எடைபார்த்து அனுப்புவது அவர் வேலை. "குடத்து முதுகை ஓர் இரும்புத் தட்டு மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் நம் கீற்றை லேசாகப் போட்டுவிடுகிறேன். அதிகாரி கண்ணில் படாது. நம் அடையாளம் மேகத்துக்கு மேலே போய் வருகிறது, பிள்ளையிடம் சொல்" என்று எழுதியிருந்தார். உன்னை மடியில் வைத்து அதைப் படித்துக் காட்டினேன். நீ வானத்தைப் பார்த்துக் கை ஆட்டினாய்.

அதற்குப் பிறகு இரண்டு கடிதம். பிறகு தந்தி. காணவில்லை என்று ஒரே வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. சண்டை முடிந்ததும், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அரசாங்கத்திலிருந்து காகிதம் வந்தது. கருதுவதற்கு அவர்கள் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. உன் பெரியம்மா வந்து அழுது, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்றாள். நான் அவள் முன்னாலேயே கண்ணாடி எடுத்து நெற்றிப் பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டேன். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

ஆசிரியைப் பயிற்சி முடித்துத் தண்டையார்பேட்டைப் பள்ளியில் சேர்ந்த வருஷம், நம் தெருக்கோடி விறகுத்தொட்டியில் அடுப்புக்குக் கட்டை வாங்கப் போனேன். பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான் அப்போது கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. கூடாரத் துணி, தகரப் பீப்பாய், என்னென்னவோ. தொட்டியின் மூலையில் வட்டமாக, நடுவில் பெரிய துளையும் சுற்றிலும் எட்டுச் சின்னத் துளையுமாக ஒரு மரக்கட்டை கிடந்தது. இறக்கைகளை அறுத்து மேஜைக் காலுக்கு விற்றுவிட்டு, நடுக்குடத்தை மட்டும் வீசியிருந்தார்கள். நான் அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தொட்டி வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "தாயி, அதுல கோடாலி ஏறாது. அடுக்கடுக்கா பலகைய ஒட்டி வச்சிருக்கான். கொண்டு போயி என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். புரட்டி முதுகைப் பார்த்தேன். கீற்று இல்லை. ஆனாலும் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் முதல் குடம்.

அப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும். கொத்தவால்சாவடிக்குச் சரக்கு அனுப்புகிறவர், கிடங்குக்காரர், வண்டிக்காரர் என்று யாரைப் பார்த்தாலும் கேட்டுவைத்தேன். அண்ணாச்சியே ஆள்விட்டுச் சொல்லியனுப்புவார். எதிர்வீட்டில் மீன் விற்கிற கன்னியம்மா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாம்மே டீச்சர், அடுப்புல வைக்கவும் ஒதவாது, ஒக்காரவும் ஒதவாது, இத்த இன்னாத்துக்குத் தூக்கினு வர?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அதன்பிறகு அவள் கேலி செய்யவில்லை. காசிமேட்டுக் கரையில் இப்படி ஒன்று கிடந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

குடத்தைப் படிக்க நான் கற்றுக்கொண்டது டோரதியிடம். நம் பின்தெருவில் இருந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரக் குடும்பத்துப் பெண், என் வயதுதான். சண்டைக் காலத்தில் விமானத் தளத்துச் சாமான் கிடங்கில் கணக்கு எழுதியவள். குடத்தின் விலாவில் வரிசையாகக் குத்தியிருக்கும் ஆங்கில எழுத்துகளை அவள் விரலால் தடவித்தடவிச் சொல்வாள். இது எந்த இஞ்சினுக்கு உரியது, இது இறக்கையின் முழு நீளம், இது ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போகும் என்ற அளவு, இது செய்த இடம், இது எந்தப் பட்டறையில் எந்த மாதம் பழுதுபார்த்தது. அறுபட்ட இறக்கையின் அடி எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்த்தே இடமாகச் சுற்றியதா, வலமாகச் சுற்றியதா என்று சொல்லிவிடுவாள். ஒட்டுப் பசைக்கோடுகள் எண்ணிக்கை சரியாக இருக்கவேண்டும். இரும்புத் தட்டு அழுத்திய வட்டத் தழும்பு முதுகில் இருக்கவேண்டும். ஒருமுறை திருவொற்றியூரிலிருந்து வேர்வை ஒழுக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ டீச்சர்! இது ஃபாக்டரியில பொகை தள்ற ஃபேன். இது வானத்தையே பாத்ததில்ல!" நானும் சிரித்தேன். அவர் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு அவள் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போதும் ஏதாவது குடம் கைக்கு வந்தால் அவள் விரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதில் உனக்கு நான் செய்த குறை ஒன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றப் பிள்ளைகள் அம்மாவோடு கடற்கரைக்குப் போவார்கள். நீ என்னோடு கிடங்கு கிடங்காக நடந்தாய். உனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாளில் கன்னியம்மாவிடம் உன்னை விட்டுவிட்டு எண்ணெய்க் கிடங்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கூப்பிட்டால் திரும்பவில்லை. உயிரோடு பக்கத்தில் இருந்த பிள்ளையை விட்டு, எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவரைத் தேடிப்போனேன். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது.

கீற்று கிடைத்தது ஒன்பதாவது குடத்தில். திருவொற்றியூரில் ஓர் உப்புக் கிடங்கில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே பாரமாக வைத்திருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வைத்து, முந்தானையால் உப்பைத் துடைத்தேன். மூன்று கீற்று, குறுக்கே ஒரு கோடு. கை தொட்டதுமே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே டோரதியிடம் ஓடினேன். அவள் விலாவைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், தந்தி எந்த மாசம் வந்துச்சு?" என்றாள். சொன்னேன். குடத்தில் அஸ்ஸாம் பட்டறையின் முத்திரை இருந்தது. அதில் இருந்த மாதம், தந்திக்கு ஏழு மாதம் பிந்தியது.

காணாமல் போனவர் ஏழு மாதம் கழித்துக் கீற்றுப் போட்டிருக்கிறார். நான் வேறு எப்படி நினைப்பேன், சொல். உயிரோடு இருக்கிறார், தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்திருக்கிறார், ஆனால் கை மறக்கவில்லை என்று நினைத்தேன். சில நாள், பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போய் ரங்கூனில் வேறு ஒரு குடும்பம் இருக்குமோ என்றும் தோன்றும். அதற்கும் சம்மதம் என்று சாமியிடம் சொன்னேன். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி அவருக்குச் சோறு போடட்டும், உயிரோடு இருந்தால் போதும். கீற்று கிடைத்த அன்றைக்கே உன்னை உட்காரவைத்து அந்த முத்திரையைக் காட்டினேன். அந்த வாரத்திலிருந்து நீ ரங்கூன் கப்பல் வரும் நாளில் பள்ளிவிட்டு நேராகத் துறைமுக வாசலுக்குப் போனாய். இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாய். உனக்கு அவர் முகம் சரியாக ஞாபகம்கூட இல்லை. அது எனக்குத் தெரிந்தும் உன்னைத் தடுக்கவில்லை. மூன்று வருஷம் போனாய். ஒருநாள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அம்மா, இனிமே நான் போவ மாட்டேன். இன்னிக்கு ஒருத்தர நைனான்னு கூப்ட்டுட்டேன். அவரு சிரிச்சிகினே போய்ட்டாரு" என்றாய். உன் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனே, அதற்காக என்னை மன்னித்துவிடு.

நீ வடக்கே வேலைக்குப் போன அடுத்த மாதம், எண்ணூரில் ஒரு தச்சர் வீட்டில் இப்படி ஒரு குடத்தின் நடுவில் கடிகாரம் பதித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார் என்று என்னோடு வேலைபார்க்கிற டீச்சர் சொன்னாள். ஞாயிறு காலை பஸ் பிடித்துப் போனேன். உப்பங்கழி ஓரத்தில் ஓட்டு வீடு. என் வயதொத்த ஒருவர் வாசலில் கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை. பழைய காற்றாடிக் குடங்கள் சேர்க்கிறேன், உங்களிடம் இருப்பதைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இழைப்புளியைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துவந்து, நான் கேட்காமலே குடத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். மூன்று கீற்று, ஒரு கோடு.

"இதைப் போட்டவர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"அண்ணி, அது நான் போட்டது," என்றார்.

அவர் பெயர் மாணிக்கம். உன் நைனாவோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே பட்டறையில் வேலைபார்த்தவர். பட்டறைக்கு அப்பால் ஓர் ஆறு. மழைக்காலத்தில் காயம்பட்டவர்களைப் படகில் இக்கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தபோது ஒரு படகு கவிழ்ந்திருக்கிறது. தச்சர்கள் யாரும் இறங்க வேண்டிய வேலையே இல்லை. "அண்ணனாண்ட வாணாம்னு சொன்னேன் அண்ணி. நமக்கு இன்னா, பட்டாளத்தான் பாத்துப்பான்னேன். 'தோணி எங்க கவுரும், எங்க புடிக்கணும்னு எனக்குத்தான்டா தெரியும்'னுட்டு குதிச்சிட்டாரு. ரெண்டு பேர இழுத்துகினு வந்தாரு. மூணாவது தபா போனவருதான். தண்ணி அப்டி ஓடிகினு இருந்துச்சி. ஒடம்பு கெடைக்கல. அதான் காணம்னு எழுதிட்டாங்க."

"அப்புறம் இந்தக் கீற்று?"

அவர் குடத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணன் மேசையில எட்டு காத்தாடி பாதி வேலையில கெடந்துச்சி. நான்தான் முடிச்சேன். முடிச்சிட்டுத் திருப்பினா, முதுகு வெறுமனே கீது. மனசு கேக்கல. அவரு போட்டா மாரியே போட்டேன். அந்த எட்டோட நிறுத்திக்கலாம்னுதான் நெனச்சேன். முடியல. சண்டை முடியிற வரிக்கும் என் கையில வந்த எல்லாத்துக்கும் போட்டேன்."

ஏன் ஒரு கடிதம் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதத் தெரியாது என்றார். ஊருக்கு வந்ததும் நம் தெருவுக்கு வந்திருக்கிறார். நீ வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாயாம். நான் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்தேனாம். "நெத்தியில அம்மாம் பெரிய பொட்டு வெச்சிகினு வந்தீங்க. எப்டி அண்ணி சொல்லுவேன்? வாயே வரல. அப்டியே திரும்பிட்டேன்." பேசும்போதே அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அழவில்லை. அவர் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். பல வருஷம் நான் தேடி அலைந்த கை அது. என் கணவரின் கை இல்லை, ஆனாலும் அந்தக் கைமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. புது ஊர், புது வேலை, பிள்ளை தனியாக இருக்கிறான், அடுத்த மாதம் எழுதலாம் என்று எனக்கே சாக்குச் சொன்னேன். நான்கு வருஷம் அப்படியே போனது. நிஜக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும் அந்த ஒரு நிமிஷம் அவர் பின்னால் நிற்பதுபோல இருக்கும். உண்மை தெரிந்த பிறகும் இருந்தது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. உனக்குச் சொல்லிவிட்டால் அது போய்விடும் என்று பயந்தேன். உனக்கும் உரிய துக்கத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டேன். உன் நைனா இரண்டு பேரைக் கரைசேர்த்தவர் என்ற பெருமையையும் உனக்குத் தராமல் வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகிறவனுக்கு அம்மா சொல்ல வேண்டியது ஏதாவது உண்டென்றால் இதுதான்: வலிக்கிற சேதியை, வரப்போகிறவளிடம் அன்றன்றைக்கே சொல்லிவிடு. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வரவே வராது.

சேர்த்த குடங்கள் பதினொன்றில் பத்து பின்னறையில் சுவரோரமாக இருக்கின்றன. நீ எடுத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கீற்றுள்ள அந்த ஒன்பதாவதை மட்டும் மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டேன். அவர் கல்யாணத்துக்கு வருகிறார். உன் நைனா நீச்சலடிக்கும் விதம், சோற்றுத் தட்டைப் பிடிக்கும் விதம், திட்டும் விதம் எல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேள். எனக்குத் தெரியாத ஒருவரை உனக்குக் காட்டுவார்.

நேற்று மாதவரத்துக்குப் போய் உன் மாமனாரிடமும் மாமியாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தையைப் பத்திரிகையில் போட்டுவிட்டால், சடங்கில் முன்னால் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்வார்கள் என்பது தெரிந்தேதான் சொன்னேன். உன் மாமனார் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன் டீச்சரம்மா" என்றார். உன் மாமியார் வண்டிவரை கூட வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. நீ அவர்களோடு சண்டை போடாதே. மேடையில் இடமில்லை என்றால் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து உன் முகம் நன்றாகத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தாலி கட்டும்போது உன் கை நடுங்கினால் வெட்கப்படாதே. உன் நைனாவுக்கும் நடுங்கியது. முதல் முடிச்சைப் போட்டதும் உன் அத்தை மற்ற இரண்டையும் போடக் கையை நீட்டினாள். அவர் விடவில்லை, மூன்றையும் தானே போட்டார். அதுவும் தோணியைக் கரையில் கட்டுகிற முடிச்சு. கயிறு மாற்றுகிற நாளில் உன் அத்தை அவிழ்க்க முடியாமல் நகம் உடைந்து, "இன்னாடா இது, பொண்டாட்டியா, படகாடா?" என்று திட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அலையில அவுந்துடக் கூடாதுல்ல" என்றார்.

உன் அம்மா